இஸ்திரி சட்டை போட்டுக்கொண்டு அவர் போன இடம்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் எங்கே போகிறார் என்று கேட்காமலே எனக்குத் தெரியும். சாம்பியன் ரீப்ஸில் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டிலிருந்து இடது பக்கம் இறங்கினால் ஒயின் ஷாப். மார்க்கெட், ஸ்டேஷன், கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் வலது பக்கம். தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, வார நாட்களில் விடிவதற்குள் வலது பக்கம் இறங்கி ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போவார். ஞாயிறன்று இடது பக்கம். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறு வழக்கம் இதுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அவர் குளித்தார். பீரோவைத் திறந்து, கல்யாணம் காட்சிக்கென்று வைத்திருந்த இஸ்திரி சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலை வாரினார். வலது பக்கம் இறங்கிப் போனார்.

நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். தெரு முனை வரைக்கும் போய் மறைந்துவிட்டார்.

இருட்டும்போது திரும்பி வந்தார். நேராக வந்தார். சாப்பாடு போட்டேன். "கொழம்பு நல்லா கீது" என்றார். அந்தக் குழம்பைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி எத்தனை காலம் ஆகிவிட்டது என்று யோசித்துக்கொண்டே, தண்ணீர் வைக்கிற சாக்கில் குனிந்து முகர்ந்து பார்த்தேன். டீ வாசனை வந்தது. கூடவே பிஸ்கட் வாசனை.

அவர் நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். வார நாட்களிலும் ரயில் விட்டு இறங்கி, குடிக்காமல் நேராக வீட்டுக்கு வந்தார். குடித்துவிட்டு வந்தவரைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. குடிக்காமல் வருகிற இந்த ஆள் எங்கே போய் வருகிறார் என்பதுதான் தெரியவில்லை. இயல்பிலேயே நான் கொஞ்சம் துருவுகிற புத்தி உள்ளவள். ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிற பெண்கள் அளவு கொடுக்கும்போதே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள். மீதியை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு மர்மம் என்றால் எப்படி இருக்கும்?

ஏன் அவரையே கேட்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டால் நின்றுவிடுமோ என்ற பயம்தான். குடியை நிறுத்த நான் செய்யாத முயற்சி இல்லை. குழம்பில் கலந்து கொடுத்தால் குடி தானாக மறந்துவிடும் என்று ஒருத்தி கொடுத்த பவுடரை மாதக்கணக்கில் கலந்தேன். "ரசம் இன்னா இப்டி கசக்குது" என்று அவர் ரசம் சாப்பிடுவதை விட்டார். குடியை விடவில்லை. கோயிலில் கயிறு கட்டினோம். மாலை போட்டு மலைக்குப் போனார். மாலை கழுத்தில் இருந்த நாள் வரைக்கும் சாமி மாதிரி இருந்தார். கழற்றிய அன்றைக்கே இடது பக்கம் இறங்கினார். ஒரு தடவை மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்து, உடம்பு தேறி, கன்னம் உப்பி வந்தார். அதுவும் கொஞ்ச நாள்தான். இதில் எல்லாவற்றிலும் நான்தான் முன்னால் நின்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை விஷயத்தில் மட்டும் என் கை படவே இல்லை. அதனால்தான் வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காதான் முதல் தகவல் கொண்டுவந்தாள்.

"இன்னாமே, உங்க வீட்டுக்காரு மாதா கோயில் பக்கம் போறாராமே? எங்க வீட்ல இவுரு பாத்தாராம். சட்டை கிட்டை எல்லாம் போட்டுக்கினு."

"எதுக்குக்கா?"

"அத நீதான் சொல்லணும். மதம் மாறிட்டாரா இன்னா?"

மதம் மாறினாலும் பரவாயில்லை, குடிக்காமல் இருக்கிறாரே என்று நான் சொன்னேன். சொன்ன பிறகு பூஜை அலமாரியைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பெங்களூரில் வேலை செய்கிற எங்கள் மகளிடம் போனில் கேட்டேன். அவள் சிரித்தாள். "அம்மா, அப்பா யாரோ ஃப்ரெண்ட்ஸ் கூட நெட்வொர்க் பிசினஸ்ல சேர்ந்திருப்பாரு. சோப்பு, பேஸ்ட் எல்லாம் விக்கச் சொல்லுவாங்க. பீரோல செக் மாடு" என்று பாதிக் கன்னடத்தில் சொன்னாள். செக் செய்தேன். சோப்பு எதுவும் இல்லை. வேறு ஒரு சந்தேகமும் எனக்கு வந்தது. இஸ்திரி சட்டை என்றால் எந்தப் பெண்டாட்டிக்கும் வருகிற சந்தேகம்தான். பிஸ்கட் வாசனையோடு வருகிற கள்ளத் தொடர்பு எந்த ஊரில் உண்டு என்று நானே அதைத் தள்ளிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவர் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து, காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு நானும் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எந்தக் காய் வாங்கப் போகிறேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில்கூடத் தயாராக இல்லை. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பழைய சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டை ஒட்டிப் போகிற ரோட்டில் நேராகப் போய், மாதா கோயிலைத் தாண்டி, பின்னால் இருக்கிற பள்ளிக்கூட காம்பவுண்டுக்குள் நுழைந்தார். கோயிலுக்குள் போகவில்லை.

நான் கேட் பக்கத்துக் குழாயடியில் நின்றுகொண்டேன். ஒரு வகுப்பறையில் மட்டும் விளக்கு எரிந்தது. ஜன்னல் உயரத்தில் இருந்ததால் உள்ளே தெரியவில்லை. ஒரு ஆண் குரல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரிக்கிற சிரிப்பு.

ஆண்கள் கும்பலாக உட்கார்ந்து அப்படிச் சிரித்தால் நடுவில் பாட்டில் இருக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. பள்ளிக்கூடத்துக்குள்ளேயேவா? அந்தச் சிரிப்பில் அவருடைய சிரிப்பும் இருக்கிறதா என்று காதைக் கூர்மையாக்கினேன். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அவர் சிரித்து நான் கேட்டே வெகு நாளாகியிருந்தது.

அப்போது ஒரு தட்டு நிறைய டம்ளர்களோடு ஒருவர் வெளியே வந்தார். வயதானவர், பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டிருந்தார். குழாயடியில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

"யாரம்மா பாக்கணும்?"

"என் வீட்டுக்காரரு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் அவசரமாகக் கையை ஆட்டினார். "வேணாம்மா, பேரு சொல்லாதீங்க. உள்ள கீறாரான்னு கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்."

"இல்ல, இப்பதான் உள்ள போனாரு, நான் பாத்தேன்."

"நீங்க பாத்தீங்க. நான் பாக்கல." குனிந்து டம்ளர்களைக் கழுவ ஆரம்பித்தார். "இங்க வர்றவங்க யாருன்னு வெளிய சொல்லக் கூடாதும்மா. அதான் எங்களுக்கு ஒரே சட்டம். நான் இங்க வர்றன்றத வேணா சொல்றேன், அது என் விஷயம். நான் ஒரு குடிநோயாளி."

ஒரு மனுஷர் டம்ளர் கழுவிக்கொண்டே தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் ஊரில் குடிகாரன் என்பது அடுத்த வீட்டுக்காரனைச் சொல்கிற வார்த்தை.

"குடிக்கிறவங்களா உள்ள கீறாங்க?"

"குடிச்சவங்க. இன்னிக்கு குடிக்காதவங்க."

"அப்ப எதுக்குச் சிரிக்கிறாங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலிருந்தது. "வந்து கேளுங்களேன். மாசக் கடைசி ஞாயித்துக்கெழம ஓப்பன் மீட்டிங். யார் வேணாலும் வரலாம். குடும்பத்துக்காரங்க வருவாங்க. உங்களக் கூட்டிக்கினு வர வேண்டியவரு கூட்டிக்கினு வரட்டும்" என்றார்.

காலிப் பையோடு வீட்டுக்கு வந்தேன். அவர் வந்ததும் சாப்பாடு போட்டேன். எதுவும் கேட்கவில்லை. மாதக் கடைசி வருவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு ப்ளவுஸுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அவர் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவாமல் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கு என் கூட ஒரு எடத்துக்கு வர்றியா?" என்றார்.

"எங்க?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"வாயேன். வந்து பாரு."

"இன்னா பொடவ கட்டினு வரணும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியலியே. நல்லதா கட்டு. பட்டு வேணாம்."

வகுப்பறைக்குள் போனதும் முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அது இரண்டாம் வகுப்பு. சுவரில் கன்னட எழுத்துகளும் வாய்ப்பாடும் ஒட்டியிருந்தன. குட்டிக் குழந்தைகள் உட்காருகிற பெஞ்சுகளில் பெரிய பெரிய ஆண்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர், ஆட்டோ ஓட்டுகிறவர், காலேஜ் முடித்த பிள்ளை மாதிரி ஒருவர், தினமும் பெங்களூர் ரயிலில் போய் வருகிறவர்கள். சிலரை எனக்கு முகத்தளவில் தெரியும். ஒருவர் மனைவிக்கு நான்தான் ப்ளவுஸ் தைக்கிறேன். அவர் குடிப்பார் என்பதே எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரிந்திருக்கும். இருவரும் தலையை மட்டும் அசைத்துக்கொண்டோம்.

எல்லாரும் எழுந்து ஒரு பிரார்த்தனை சொன்னார்கள். எந்தச் சாமி பெயரும் அதில் வரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதைச் சொல்ல முடியாதே என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவராக எழுந்து, நான் ஒரு குடிநோயாளி என்று ஆரம்பித்துத் தன் கதையைச் சொன்னார்கள்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. ஆனால் என் வீட்டுக்காரரிடமும் டம்ளர் கழுவிய அந்தப் பெரியவரிடமும் அவர்கள் சொன்னதை எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். "பேரு மட்டும் போடாதீங்க. என் வாஷிங் மெஷின் பேரு வேணா போடுங்க" என்றார் பெரியவர். அவர் ஒரு நாள் பாட்டிலை ஒளித்துவைக்க இடம் இல்லாமல் வாஷிங் மெஷினுக்குள் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். குளித்துவிட்டு வருவதற்குள் அவர் மனைவி சுவிட்சைப் போட்டுவிட்டாள். "உள்ள கடகடன்னு சத்தம். நான் ஓடி வர்றேன், அவ மெஷின் ரிப்பேர்னு கத்துறா. அன்னிக்கு எங்க வீட்டுத் துணி எல்லாம் எம் மாதிரியே வாசன. பேரப்புள்ள அந்த யூனிஃபார்மோட ஸ்கூலுக்குப் போச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். ஓ, இதுதானா அந்தச் சிரிப்பு என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. அந்த அம்மாள் அன்றைக்கு எப்படி அழுதிருப்பாள்! துணியை மறுபடி மறுபடி அலசியிருப்பாள். கதை சொன்னவர் கடைசியில், "இப்ப சிரிக்கிறேன். அன்னிக்கு யூனிஃபார்ம மோந்து பாத்துட்டு வெளிய வந்து வாந்தி எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து எழுந்தவர் என் வீட்டுக்காரர்.

நான் தலையைக் குனிந்து வாய்ப்பாட்டுச் சார்ட்டின் அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் பார்க்காமல் பேசினார். மைன்ஸ் மூடினதால்தான் இவன் குடிகாரன் ஆனான் என்று எல்லாரும் சொல்வார்கள், தானும் அப்படியே சொல்லிக்கொண்டு திரிந்ததாகச் சொன்னார். "ஆனா நான் ஒர்க்‌ஷாப்ல வேலைக்குச் சேந்த புதுசுலயே குடிச்சேன். மைன்ஸ் ஓடும்போதும் குடிச்சேன். மூடுனதுக்கு அப்புறம் சொல்றதுக்கு ஒரு காரணம் கெடைச்சுது."

நானும் அந்தக் காரணத்தை நம்பியிருந்தேன். உறவுக்காரர்களிடம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அவர் ஸ்டேஷனைப் பற்றிச் சொன்னார். சாயந்திர ரயிலிலேயே தண்ணீர் பாட்டிலில் கலந்து குடித்துவிட்டு சாம்பியன் ஸ்டேஷனில் இறங்குவாராம். இறங்கினதும் வீட்டுக்கு வரமாட்டார். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அங்கிருந்து பார்த்தால் மேட்டில் எங்கள் லைன் தெரியும். எங்கள் வீட்டு விளக்கும் தெரியும்.

"லைட்டு எரிஞ்சா அவ முழிச்சினு கீறான்னு அர்த்தம். அவ மூஞ்ச பாக்க முடியாது. அணைக்கட்டும், அப்புறமா போலாம்னு உக்காந்துனு இருப்பேன். அவ அணைக்க மாட்டா. கடைசி ஆளு போயி ஸ்டேஷனே காலியாயிடும். நான் மட்டும் அந்த லைட்ட பாத்துக்கினு உக்காந்துனு இருப்பேன்."

அவர் வரட்டும் என்றுதான் நான் விளக்கை எரியவிட்டிருந்தேன். இருட்டில் தடுமாறி விழுந்துவிடுவாரோ என்று. அந்த நேரமெல்லாம் அவர் கடையில் நண்பர்களோடு கொட்டமடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, மனசுக்குள் அந்த நண்பர்களை ஒவ்வொருவராகத் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிடு தூரத்தில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறார்.

இருவரும் வீட்டுக்கு நடந்து வந்தோம்.

"ஸ்டேஷன்லயா உக்காந்துனு இருந்தீங்க?" என்றேன்.

"ம்."

"மழ பெஞ்சா?"

"ஷெட்டு கீதில்ல."

"குளிராதா?"

"அப்ப இன்னா தெரியும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ குழாயடில நின்னத டம்ளர் கழுவுறவரு சொன்னாரு. எந்த வீட்டம்மான்னு சொல்லல. காய்கறிப் பைன்னு சொன்னாரு. நம்ம பைதான்னு நானே கண்டுபுடிச்சேன்" என்றார்.

அந்தப் பள்ளிக்கூடத்திலேயே அதே நேரத்தில், ஒன்றாம் வகுப்பு அறையில், குடும்பத்துக்காரர்களுக்குத் தனிக் கூட்டம் நடக்கிறது. என்னையும் வரச் சொன்னார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. குடித்தது அவர். நான் எதற்காகப் போய் உட்கார வேண்டும்? ஆனால் உள்ளே என்ன பேசுகிறார்கள் என்ற ஆசை விடவில்லை. ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

என்னைச் சேர்த்து மூன்று பேர்தான். மகனுக்காக வருகிற ஒரு அம்மா. இன்னொருவர் மிஷின் ஃபேக்டரி டவுன்ஷிப்பில் இருக்கிற எஞ்சினியர் ஒருவரின் மனைவி. அவர்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அவர் கட்டியிருந்த புடவையைப் பார்த்ததும், இந்த அம்மாவுக்கு இங்கே என்ன வேலை என்று நினைத்தேன். அவர் புருஷன் வீட்டுக்குள்ளேயே திரைச்சீலையை இழுத்துவிட்டுக் குடித்தாராம். தெருவில் விழுந்ததில்லை, யாரையும் திட்டியதில்லை. "யாருக்குமே தெரியாதுங்க. தெரியாததனால நான் யார்கிட்டயும் சொல்லவும் முடியல. உங்க ஊர்ல அக்கம்பக்கத்துல வந்து என்னன்னாவது கேட்டிருப்பாங்கல்ல?" என்றார். அக்கம்பக்கம் கேட்பதை ஒரு வசதியாக நான் அதுவரை நினைத்ததே இல்லை. இதை எழுத அவரும், மகனுக்காக வருகிற அம்மாவும் சம்மதித்தார்கள்.

என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். பவுடர், மாலை, மறுவாழ்வு இல்லம், எல்லாம் சொன்னேன். கொஞ்ச நாளாக நான் அவருடைய தண்ணீர் பாட்டிலை முகர்ந்து பார்ப்பதையும், பையைத் துழாவுவதையும், அவர் கொட்டாவி விட்டால்கூடப் பக்கத்தில் போய் நிற்பதையும் சொன்னேன். மகனுக்காக வருகிற அம்மா மட்டும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடித்ததும் எஞ்சினியர் மனைவி கேட்டார், "சரி, இந்த வாரம் நீங்க என்ன பண்ணீங்க?"

"அதான் சொன்னேனே."

"அதெல்லாம் அவருக்காகப் பண்ணது. உங்களுக்குன்னு என்ன பண்ணீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. என்ன திமிர் இந்த அம்மாவுக்கு என்று நினைத்தேன். நான் என்ன செய்தேன்? சமைத்தேன், தைத்தேன், முகர்ந்து பார்த்தேன். வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனேன். மனசு திருந்திப் போகவில்லை. அந்த அம்மாவின் மகன் வீட்டை விட்டுப் போயிருந்தான், திரும்பி வந்தானா இல்லையா என்று தெரியாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொடர்கதைக்காகப் பத்திரிகை வாங்குகிற மாதிரிதான் போனேன். மகன் வந்திருக்கவில்லை. ஆனால் அந்த அம்மா தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். அது ஏன் என்று அறிய மறுபடி போனேன். அப்படியே பழகிவிட்டது. எந்த வாரத்திலிருந்து தண்ணீர் பாட்டிலை முகர்வதை நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை அன்று அவர் கம்பெனியிலேயே குடித்துவிட்டு வந்தார். வாசலில் செருப்பை விடும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பழைய ஆளாக இருந்திருந்தால் போட்டிருக்கும் சத்தத்தில் தெருவே கூடியிருக்கும். நான் தட்டு வைத்தேன். எனக்கும் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். போய்ப் படுத்துக்கொண்டேன். அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார்.

அந்த ஞாயிறு அவர் கிளம்பவில்லை. இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

"நீ எங்க போற?" என்றார்.

"மீட்டிங்குக்கு."

"நானே போவல, நீ இன்னாத்துக்கு?"

"என் மீட்டிங் வேற" என்றேன். எனக்கே அந்தப் பதில் ஆச்சரியமாக இருந்தது.

அன்று பக்கத்து அறையில் வழக்கம் போலச் சிரிப்பு கேட்டது. அதில் அவர் சிரிப்பு இல்லை என்று எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது. அங்கே இரண்டு பேரிடமும் நடந்ததைச் சொன்னேன். யாரும் யோசனை சொல்லவில்லை. மகனுக்காக வருகிற அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "அங்க இன்னா பேசுறீங்க? என்னப் பத்தியா?"

"வெளிய சொல்லக் கூடாது."

"எங்கிட்டயுமா?"

"உங்ககிட்டயும்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த வாரம் முழுக்க ஏதாவது ஒரு சாக்கில் அதையே சுற்றிச் சுற்றிக் கேட்டார். எத்தனை பேர் வருகிறார்கள், அங்கேயும் டீ உண்டா, நீயும் எழுந்து நின்று பேசுவாயா. ஒவ்வொரு தடவையும் அதே பதிலைத்தான் சொன்னேன்.

அதற்கடுத்த ஞாயிறு நான் கிளம்பியபோது அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். சேர்ந்து நடக்கவில்லை. பத்தடி பின்னாலேயே வந்தார், யாரோ எவரோ மாதிரி. பள்ளிக்கூடக் கேட்டில் அந்தப் பெரியவர் கெட்டிலோடு நின்றிருந்தார். எங்கே போயிருந்தாய், ஏன் வரவில்லை என்று ஏதாவது கேட்பார், இவர் திரும்பிப் போய்விடுவார் என்று பயந்தேன்.

"நல்ல நேரத்துல வந்த" என்றார் பெரியவர். "சக்கர தீந்துபோச்சு. கட மூடறதுக்குள்ள ஓடிப் போயி ஒரு அரை கிலோ வாங்கினு வா."

என் வீட்டுக்காரர் ஓடினார். அந்த வயசுக்கு நிஜமாகவே ஓடினார். அன்று டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகு இன்று வரைக்கும் அவர் குடிக்கவில்லை. இனிமேல் குடிக்கவே மாட்டார் என்று எழுத எனக்குத் தெரியாது, அவரும் அப்படிச் சொல்வதில்லை. குடியை விட்டால் வீடு சொர்க்கமாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியெல்லாம் இல்லை. குடித்த காலத்தில் அவருக்கு எதிலும் அபிப்பிராயம் கிடையாது. இப்போது மகள் கல்யாணத்திலிருந்து குழம்பில் புளி வரைக்கும் எல்லாவற்றிலும் அபிப்பிராயம். சண்டை போடுகிறோம். தெளிவாக இருக்கிற ஆளோடு சண்டை போடுவது கஷ்டம். மறுநாளும் அவருக்கு எல்லாம் நினைவிருக்கிறது.

போன மாதம் பெங்களூரில் பல ஊர்க்காரர்களும் சேர்கிற ஒரு பெரிய கூட்டத்துக்குப் போனோம். அவர் தினமும் போகிற அதே விடியற்கால ரயில். இத்தனை வருஷத்தில் அந்த ரயிலில் நான் அவரோடு ஏறியதே இல்லை. அவர் வழக்கமாக உட்காருகிற பெட்டியையும் இடத்தையும் காட்டினார். அந்தப் பெட்டியில் வருகிறவர்கள் நகர்ந்து எனக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள்.

அடுத்த ஸ்டேஷன் ஊர்காமில் ஒருவர் ஏறினார். பாலகாட் பக்கம் வீடு, ஏதோ குடோனில் சூப்பர்வைசர் வேலை. என் வீட்டுக்காரர் என் காதில் சொன்னார், "இவருதான் எனக்கு மொதல்ல சொன்னவரு. ஒரு நாளு நான் பாட்டில நீட்டுனேன். எனக்கு வேணாம், நான் ஞாயித்துக்கெழம ஒரு எடத்துக்குப் போறேன், வேணும்னா வந்து பாருங்கன்னாரு."

அவர் எதிரில் வந்து உட்கார்ந்ததும் எனக்கு வாய் நிற்கவில்லை. "அண்ணா, ஒண்ணு கேக்கட்டுமா? பெட்டில இவ்ளோ பேரு குடிச்சினு வருவாங்க. இவரு வருவாருன்னு உங்களுக்கு எப்டித் தெரிஞ்சுது?"

அவர் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். நான் ஏதோ பெரிய பதிலை எதிர்பார்த்தேன். இவர் முகத்தில் ஏதோ கண்டேன், கண்ணில் ஏதோ தெரிந்தது என்று.

"எனக்கு இன்னாம்மா தெரியும்" என்றார். "நான் எல்லார்கிட்டயும்தான் சொன்னேன். வேலூர்ல இருக்கற என் மச்சான்கிட்ட பத்து தடவ சொன்னேன், அவன் வரல. இவரு கிட்ட ஒரு தடவதான் சொன்னேன். வந்தாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

பங்காரப்பேட்டையில் இட்லி வந்தது. என் வீட்டுக்காரர் மூன்று பொட்டலம் வாங்கி ஒன்றை அவருக்கும் கொடுத்தார். பெட்டி நிரம்பி, மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். பாதிப் பேர் நின்றபடியே தூங்கினார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். இதில் யார் சாயந்திரம் தண்ணீர் பாட்டிலோடு திரும்புகிறவர், யாருடைய வீட்டில் விளக்கு எரியும், ஒரு தடவை சொன்னால் வருகிறவர் யார், பத்துத் தடவை சொன்னாலும் வராதவர் யார் என்று பார்த்தேன். முகத்தை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. சட்னி புடவையில் சிந்தப்போகிறது என்று என் வீட்டுக்காரர் என் பொட்டலத்தை நிமிர்த்திப் பிடித்தார்.